அக்கரைக்காரியின் குரல்

டப்பிங் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டால் அவளுக்குத் தன் உடம்பே மறந்துபோகும். வசனத்தாள் வைக்கிற மேசைமேல் ஒரு சின்ன விளக்கு, மூக்குக்கு நேரே மைக், எதிரே திரையில் சத்தமில்லாமல் அசைகிற ஒரு வாய். அவ்வளவுதான் உலகம். அந்த வாய் திறந்தால் இவளும் திறப்பாள், மூடினால் மூடுவாள். அது ஓடி வந்து மூச்சு வாங்கினால், நின்ற இடத்திலேயே இவளுக்கும் மூச்சு வாங்கும். முப்பது வருஷத்தில் மகாராணிக்கு, பிசாசுக்கு, பெண் வக்கீலுக்கு, பிரசவ வலியில் கத்துகிறவளுக்கு, பேசும் கிளிக்கு என்று யார் யாருக்கோ வாய் கொடுத்திருக்கிறாள். ஸ்டுடியோவில் அவளை 'நூறு வாய் அக்கா' என்பார்கள். "வீட்ல ஒரு வாயையே தாங்க முடியல" என்பார் பஸ் கண்டக்டரான அவள் கணவர்.

வேலை முடிந்து வெளியே வந்தால் வெயில்கூட யாரோ விளக்குப் போட்டு வைத்ததுபோல் இருக்கும். வீட்டுக்கு நடந்துதான் போவாள். வழியில் ஒரு மாடி ஜன்னலில், யார் வீட்டு டிவியிலோ, அவள் அழுதுகொண்டிருப்பாள். முடிவெட்டும் கடையில் யாரையோ சபித்துக்கொண்டிருப்பாள். தையல்கடையில் காதலனுக்குக் கடிதம் வாசிப்பாள். தெருவே தன் தொண்டையிலிருந்து கசிந்து வருவதுபோல் ஒரு மயக்கம் அவளுக்கு உண்டு. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

அந்தக் குரல்களில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகம் கேட்கும். அது அக்கரைக்காரியின் குரல்.

நகரத்தை ஒட்டி ஒரு பெரிய ஆறு. அதற்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் எல்லாரும் நகரத்துக்கு 'அக்கரைக்காரங்க'. அதே நாடு, அதே மொழி. அவர்கள் வேலை தேடிப் பாலத்தைத் தாண்டி இங்கே வருவார்கள். இங்கிருந்து அங்கே போக யாருக்கும் ஒரு காரணமும் இருந்ததில்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சிரிப்புப் படம் வந்தது. அதில் பணக்கார வீட்டு வேலைக்காரி அக்கரையைச் சேர்ந்தவள். அவளுக்குக் குரல் கொடுக்க அக்காவைக் கூப்பிட்டிருந்தார்கள்.

முதல் மூன்று டேக்கும் சாதாரணமாகத்தான் பேசினாள். டைரக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"அக்கரைக்காரி மாதிரியே இல்லையேம்மா."

"அவங்க எப்படி சார் பேசுவாங்க?"

டைரக்டர் உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவாளரைப் பார்த்தார். ஒலிப்பதிவாளர் மின்விசிறியைப் பார்த்தார். யாருக்கும் தெரியவில்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்த வேடத்தில் நடித்தவள் நகரத்துப் பெண். வசனம் முடிந்த பிறகும் அடுத்து என்ன என்று தெரியாமல் வாயை மூடாமலே நின்றிருந்தாள். ஒவ்வொரு வரிக்குப் பிறகும் திறந்த வாய் ஒன்று திரையில் மிச்சம் இருந்தது. அதை எதையாவது கொண்டு நிரப்பியாக வேண்டும். நாலாவது டேக்கில் அக்கா கடைசி எழுத்தைப் பிடித்து இழுத்தாள். இழுத்ததைக் கேள்வி கேட்பதுபோல் மேலே தூக்கியும் விட்டாள்.

"அம்மாஆ... கதவு திறந்திருக்குதூஊ?"

ஒலிப்பதிவாளர் சிரித்த சிரிப்பில் டீ மேசையெல்லாம் சிந்தியது. "இதுதான்! அப்படியே அக்கரைக்காரிதான்!" என்று டைரக்டர் தொடையைத் தட்டினார்.

படம் ஓடு ஓடு என்று ஓடியது. அதன் பிறகு வந்த படங்களில் அக்கரை வாட்ச்மேன், அக்கரைச் சமையல்காரன், அக்கரைத் திருடன் எல்லாரும் அப்படித்தான் இழுத்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இழுத்தார்கள். அக்காவின் கணவரே பஸ்ஸில் பாலத்துக்கு அருகே ஏறுகிறவர்களிடம் "எங்கே போகணூஊம்?" என்று கேட்பார், மொத்த பஸ்ஸும் சிரிக்கும். ஒரு பத்திரிகையில் ஒரு பேராசிரியர், அக்கரை மக்கள் வெள்ளந்திகள், உலகத்தையே வியந்து கேட்கும் மனம் படைத்தவர்கள், அதனால்தான் அவர்கள் பேச்செல்லாம் கேள்விபோல முடிகிறது என்று ஒரு பக்கம் எழுதியிருந்தார். அக்கா அதைக் கத்தரித்துப் பீரோவில் வைத்துக்கொண்டாள். அவளுக்கே அப்போது அது உண்மைதானோ என்று தோன்ற ஆரம்பித்திருந்தது.

பிறகு ஒரு நாள் மகன் வந்து சொன்னான். நில அளவைத் துறையில் அவனுக்கு வேலை.

"எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணும்மா. சர்வேயர். எனக்குப் பிடிச்சிருக்கு."

"சரிடா. எந்த ஏரியா?"

"அக்கரை."

கணவர் பேப்பரைத் தாழ்த்திக்கொண்டு வாயைத் திறந்தார். அவர் என்ன இழுக்கப்போகிறார் என்று அக்காவுக்குத் தெரியும். ஒரு பார்வை பார்த்தாள். பேப்பர் மறுபடி மேலே போனது.

"என் வேலையைப் பத்தி அவகிட்ட என்னடா சொன்னே?"

"டப்பிங்னு சொன்னேன். கார்ட்டூன்னு நினைச்சுக்கிட்டா. நானும் விட்டுட்டேன்."

பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மருமகள் வீட்டுக்கு வந்தாள். நெடுநெடுவென்று உயரம். வெயிலில் கறுத்த கைகள். அக்கா கதவைத் திறந்து "வாம்மா, உள்ளே வா" என்றாள். அந்தப் பெண் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்று, ஒரு நொடி தலையைச் சாய்த்து, எங்கோ தூரத்தில் யாரோ கூப்பிட்டதுபோல் உற்றுக் கேட்டாள். பிறகு சிரித்துவிட்டு உள்ளே வந்தாள்.

மருமகள் அதிகம் பேச மாட்டாள். ஆபீஸில் அளவு எடுத்தால் எண்களை வாயால் சொல்லாமல் துண்டுச்சீட்டில் எழுதி நீட்டுவாள் என்று மகன் சொல்லியிருந்தான். வீட்டிலும் சீட்டுதான். 'பால் காய்ச்சியாச்சு.' 'சாவி ஜன்னலில்.' 'மாமா மாத்திரை போட்டாச்சா?' கூட்டல் குறி போட்டாற்போல் நேரான எழுத்து. எப்போதாவது பேசினால் தணிந்த குரலில் வரும். சொல்லின் கடைசி எழுத்தை வெளியே விடாமல் உதட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வாள், தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் கதவைச் சாத்துவதுபோல. இழுப்பும் இல்லை, கேள்வியும் இல்லை. அக்கா அடுப்படியில் நின்றுகொண்டு அதைக் கேட்பாள். முப்பது வருஷம் காதால் பிழைத்தவள். தான் செய்ததற்கு நேர் எதிராக இருந்தது அந்தப் பேச்சு.

தன் குரலை மருமகள் கண்டுபிடித்துவிடுவாளோ என்று அக்கா வீட்டில் கரகரப்பாகப் பேச ஆரம்பித்தாள். இருமினாள். வெந்நீர் குடித்தாள். "தொண்டை கட்டிக்கிச்சா? நமக்கு நல்ல காலம் பொறந்துடுச்சு" என்றார் கணவர். இப்படி ஏழு மாதம் போனது. அந்த நாட்களில் அவளுக்கு ஒரே கனவு வந்தது. பாலத்தின்மேல் மூடுபனி. எதிரே வருகிறவர்கள் எல்லாரும் அவள் குரலிலேயே அவளிடம் வழி கேட்பார்கள். பதில் சொல்ல அவளிடம் குரல் மிச்சம் இருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஆண்கள் இருவரும் வெளியே போயிருந்தார்கள். மருமகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு டிவியில் அந்தப் பழைய சிரிப்புப் படம் ஆரம்பித்தது. "கதவு திறந்திருக்குதூஊ?" என்று சுவரைத் தாண்டி வந்தது. அக்கா கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள்.

"சத்தத்தைக் குறைக்கச் சொல்லட்டுமா?" என்றாள், கரகரப்பை மறந்துபோய்.

மருமகள் துணியிலிருந்து நிமிரவில்லை. "வேணாம் அத்தை. நல்லாத்தானே பேசியிருக்கீங்க."

அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"முதல் நாளே. வாசல்ல 'வாம்மா'ன்னு சொன்னீங்களே, அப்பவே. ஏழு வயசுல இருந்து கேக்குற குரல் இல்லையா?"

"ஏன்மா கேக்கல?"

"நீங்க பாவம், அவ்ளோ கஷ்டப்பட்டு இருமுறீங்க. எப்படிக் கேக்குறது?"

அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மருமகள் ஒரு சட்டையை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்.

"எங்க அப்பா இந்தப் பக்கம் ஒரு ஹோட்டல்ல லிஃப்ட் ஓட்டினார் அத்தை. முதல்ல எங்க ஊர்ல எல்லாரையும் மாதிரிதான் பேசினார். வந்தவங்க, 'நீ அக்கரைக்காரன் இல்லையா? அப்புறம் ஏன் இப்படிப் பேசுறே? அது மாதிரி பேசேன்'னு கேட்டாங்களாம். கண்ணாடி முன்னாடி நின்னு பழகினார். நானும் தங்கச்சியும் கட்டில்ல உக்காந்து பாத்துட்டு இருப்போம். போகப் போக வீட்டுலயும் அப்படியே பேச ஆரம்பிச்சுட்டார். இப்ப அவருக்கே அவர் பழைய பேச்சு ஞாபகம் இல்ல."

அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டே அவளே கேட்டாள். "உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்க அத்தை, நாங்க அப்படிப் பேசுவோம்னு?"

மறைக்க இனி ஒன்றும் இல்லை. அக்கா உள்ளதைச் சொன்னாள். திறந்த வாய். நிரப்ப வேண்டிய இடம். நாலாவது டேக். மின்விசிறியைப் பார்த்த ஒலிப்பதிவாளர்.

மருமகள் சிரித்தாள். அந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து யாரும் கேட்டதில்லை. துணிக்குவியல்மேல் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வாயை மூட மறந்துட்டாளா? அதுக்கா... அதுக்கா அத்தை..." பிறகு எழுந்து முகம் கழுவப் போனாள். குழாய் வெகு நேரம் திறந்தே இருந்தது. அதன்பின் இரண்டு நாள் வீட்டில் பேச்சும் இல்லை, சீட்டும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் டீத்தம்ளரோடு ஒரு சீட்டு வந்தது: 'சர்க்கரை போதுமா பாருங்க.' அக்கா அந்தச் சீட்டை ஒரு விருதைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

அடுத்த மாதம் அக்காவுக்கு ஒரு பெரிய பட வேலை வந்தது. நாட்டுக்காகப் போரிடும் வீரர்கள் கதை. ஊருக்கு ஒருவனாகப் பொறுக்கி எடுத்துக் கூடாரத்தில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். மலைக்காரன் கோபக்காரன், கடற்கரைக்காரன் பாட்டுப் பாடுவான், நகரத்துக்காரன் தலைவன். அக்கரைக்காரன் எல்லாரையும் சிரிக்க வைப்பான், நடுவில் செத்துப்போவான். அவன் சட்டையையும் கடிகாரத்தையும் பெட்டியில் வைத்துத் தாயிடம் கொடுக்கும் காட்சியில் அந்தத் தாய்க்குக் குரல் கொடுக்க அக்காவைக் கூப்பிட்டார்கள். மூன்றே வரி வசனம்.

அக்கா வசனத்தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து மருமகள் முன்னால் வைத்தாள்.

"இதை உங்க அம்மா சொன்னா எப்படிச் சொல்லுவாங்க?"

மருமகள் அந்தத் தாளைக் கையில் எடுத்தாள். பிறகு படித்தாள். "சட்டையைத் துவைச்சுக் கொடுத்திருக்கீங்க. துவைக்காம கொடுத்திருக்கலாம். அவன் வாசனை போயிடுச்சு." ஒவ்வொரு வரியும் முடியும் இடம் காதுக்கு எட்டவில்லை. உதட்டில்தான் தெரிந்தது. ஒரு வாரம் மாலை வெளிச்சத்தில் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து இருவரும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஐம்பத்து நாலு வயதில் அக்கா பேசப் பழகினாள். "கடைசி எழுத்தை விட்டுடாதீங்க அத்தை, உள்ளேயே வெச்சுக்கோங்க" என்பாள் மருமகள். எதை உள்ளேயே வைத்துக்கொள்வது என்று சில நேரம் அக்காவுக்குப் புரிந்தது, சில நேரம் புரியவில்லை. கொடியில் காய்ந்த துணிகள்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பதுபோல் இருக்கும்.

டப்பிங் அறையில் ஒரே டேக்கில் பேசி முடித்தாள். ஹெட்போனைக் கழற்றியபோது அவள் கன்னம் நனைந்திருந்தது. டைரக்டர் சின்ன வயதுக்காரர், மரியாதை தெரிந்தவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மெதுவாகச் சொன்னார்.

"ரொம்ப நல்லா இருக்குக்கா. ஆனா அக்கரைக்காரங்க மாதிரி இல்லையே."

"இதுதான் தம்பி அவங்க பேசுறது."

"இருக்கலாம்க்கா. தியேட்டர்ல இருக்கிற யாருக்கும் அது தெரியாதே. அவங்களுக்குத் தெரிஞ்ச அக்கரை நீங்க கொடுத்தது. அதையே ஒரு தடவை கொடுத்துடுங்களேன். எது நல்லாயிருக்கோ வெச்சுக்கலாம்."

"அதை நான் இனிமே பேச மாட்டேன் தம்பி."

அவர் வற்புறுத்தவில்லை. "சரிக்கா, பாத்துக்கலாம்" என்றார்.

படம் வெளியான வாரம் அக்கரையிலிருந்து சம்பந்தி வந்தார். லிஃப்ட் ஓட்டியவர். வெள்ளைச் சட்டை, வாரி ஒட்ட வைத்த தலை. "சம்பந்தியம்மா பேசின படமாச்சேஏ? நாங்க பாக்காம இருப்பமாஆ?" என்றார். அவர் வாயில் தன் இழுப்பைக் கேட்டபோது அக்கா செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டாள். மதியக் காட்சிக்கு அவர், மருமகள், அக்கா மூவரும் போனார்கள். தியேட்டர் நிறைந்திருந்தது.

அந்தக் காட்சி வந்தது. ஒரு சின்ன வீடு. ஒரு கிழவி பெட்டியைத் திறந்து சட்டையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். அவள் வாயைத் திறந்தாள்.

"சட்டையைத் துவைச்சுக் கொடுத்திருக்கீங்கஆஆ?"

அது அக்காவின் குரல் இல்லை. வேறு யாரோ. யாரோ ஒரு சின்னப் பெண், அக்கா பேசிய படங்களைக் கேட்டு வளர்ந்தவள், அக்காவைவிடத் திறமையாக இழுத்திருந்தாள்.

முன்வரிசையில் ஒருவன் சிரித்தான். அவன் கெட்டவன் இல்லை. அந்த இழுப்பைக் கேட்டால் சிரிக்க வேண்டும் என்று இருபத்திரண்டு வருஷமாக அவனுக்குப் பழக்கி வைத்திருந்தார்கள். அவனைத் தொடர்ந்து வரிசை வரிசையாகச் சிரிப்பு பின்னால் வந்தது. பிள்ளையின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு தாயைப் பார்த்து மொத்தத் தியேட்டரும் சிரித்தது. அக்காவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு சிரிப்பு கேட்டது. திரும்பினாள். சம்பந்தி. சிரித்துவிட்டு, தான் சிரிப்பது தனக்கே கேட்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். மருமகள் இருட்டில் அப்பாவின் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

வெளியே வந்ததும் அவர் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

"எப்படிம்மா சிரிச்சேன்? எனக்கும் புள்ளைங்க இருக்குதே." அதை அவர் இழுக்காமல் சொன்னார். கடைசி எழுத்து உதட்டுக்குள்ளேயே நின்றது. அவர் அதைக் கவனிக்கவில்லை. மற்ற இரண்டு பேரும் கவனித்தார்கள்.

எல்லாத் தியேட்டரிலும் அதே இடத்தில் சிரிப்பு என்று டைரக்டருக்குத் தகவல் போனது. நெஞ்சு வெடிக்க வேண்டிய காட்சி. தயாரிப்பாளர் பதறிப்போனார். அக்காவின் டேக்கைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. வேண்டாம் என்று யாரோ அழித்துவிட்டார்கள். மறுபடி பதிவு செய்ய நேரமில்லை. கடைசியில் வசனத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு வயலினை மட்டும் போட்டார்கள். இரண்டாம் வாரத்திலிருந்து கிழவியின் வாய் அசைந்தது, குரல் வரவில்லை. ஜனங்கள் அழுதார்கள். 'மௌனத்தால் பேசிய மேதைமை' என்று பத்திரிகைகள் டைரக்டரைப் பாராட்டின. அவர் அக்காவுக்குப் போன் செய்து, "உங்க பேச்சைக் கேட்டிருக்கணும்க்கா" என்றார். "பரவாயில்ல தம்பி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு அக்கா போனை வைத்தாள்.

அதன்பிறகு அக்கரை வேடம் எதற்கும் அவள் போகவில்லை. சின்னப் பெண்கள் நிறையப் பேர் வந்துவிட்டார்கள், அவர்கள் நன்றாகவே இழுத்தார்கள். அதை அவளால் நிறுத்த முடியவில்லை. செய்தது கையைவிட்டுப் போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. மேகத்துக்கும் நத்தைக்கும் பாதி உருகிய மெழுகுவத்திக்கும் குழந்தைப் படங்களில் பேசினாள். கணவர் பஸ்ஸில் இழுப்பதை நிறுத்தினார். யாரும் சொல்லி அல்ல. ஒரு நாள் மருமகள் அவர் பஸ்ஸிலேயே ஏறி, முன்சீட்டில் உட்கார்ந்து, "ஒரு டிக்கெட் மாமா" என்றாளாம். மருமகளும் ஆபீஸில் எண்களை வாயால் சொல்ல ஆரம்பித்தாள். ஓரிருவர் சிரித்தார்கள். அவள் அளவு நாடாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவர்கள் முடிக்கும் வரை காத்திருந்து, மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.

அந்த வருஷம் மழை ஓய்ந்ததும் மருமகளோடு அக்கா முதல் முறையாகப் பாலத்தைத் தாண்டிப் போனாள். சம்பந்தி வீட்டுக் கூடத்தில் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். எல்லாரும் அவளையே உற்றுப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு பெண் மருமகளை ஓரமாகத் தள்ளி, தணிந்த குரலில் கேட்டாள்.

"உண்மையைச் சொல்லு. அடிக்கிறாங்களா?"

"யாரு?"

"உன் மாமியார்தான். நகரத்து மாமியாருங்க எல்லாம் மருமகளைப் படிக்கட்டுல இருந்து தள்ளி விடுவாங்களாமே? எத்தனை படத்துல பாத்திருக்கோம்."

அக்காவுக்குக் கேட்டுவிட்டது. அந்தப் படங்களில் பாதி மாமியார்களுக்குப் பேசியதும் அவள்தான். "எங்க வீட்ல படிக்கட்டே இல்லம்மா" என்றாள் பரிதாபமாக. கூடம் கலகலத்தது. ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள், இன்னொருத்தி விசிறினாள், மூன்றாமவள் இன்னும் சந்தேகம் தீராமல் அவள் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவளை ஓர் அறையில் படுக்க வைத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே அந்தப் பெண்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். வேகமாக, தணிந்து, சிரித்து, சண்டை போட்டு. பாதிதான் அவளுக்குப் புரிந்தது. தன் குரல் ஒரு இடத்திலும் இல்லாத ஒரு தெரு. ஆற்றுக்காற்றில் திரைச்சீலை ஏறி இறங்கியது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு, பேசுவது யார் யார் என்று பிரித்துப் பார்க்க முயன்று, பிரிக்க முடியாமல், அப்படியே தூங்கிப்போனாள்.